‘பிறந்து வளர்ந்தது தர்மபுரி’: ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்ல ஒரு வழிகாட்டி

ஓசூர் சிப்காட் ஆனாலும் பெங்களூர் ஆனாலும், வேலை நேர்காணலில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.” பெயரைச் சொன்னதும் அடுத்து ஊரைச் சொல்ல வேண்டும். “பொறந்தது வளர்ந்தது எல்லாம் தர்மபுரிதாங்க” என்று தமிழில் ஒரே மூச்சில் வந்துவிடும் இந்த வாக்கியம், ஆங்கிலத்தில் சொல்லப் போனால் அங்கங்கே உடைகிறது. “ஐ பார்ன் அண்ட் ப்ராட் அப் தர்மபுரி” என்கிறார் ஒருவர். “ஐ ஆம் பார்ன் அண்ட் பாட் அப் அட் தர்மபுரி” என்கிறார் இன்னொருவர். “ஐ வாஸ் க்ரோன் அப் இன் தர்மபுரி” என்பதையும் “மை ப்ராட் அப் இஸ் தர்மபுரி” என்பதையும் அடிக்கடி கேட்கலாம். நான்கும் தவறு. சரியான வாக்கியம் இது:

“ஐ வாஸ் பார்ன் அண்ட் ப்ராட் அப் இன் தர்மபுரி.”

இதை மனப்பாடம் செய்தால் போதாதா? முதல் கேள்விக்குப் போதும். ஆனால் எதிரில் இருப்பவர் “ஹூ ப்ராட் யூ அப்?” என்றோ, “டிட் யூ க்ரோ அப் இன் எ வில்லேஜ்?” என்றோ அடுத்து கேட்டால் மனப்பாடம் கைகொடுக்காது. ஒவ்வொரு சொல்லும் அங்கே ஏன் நிற்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், இந்த வாக்கியம் மட்டுமல்ல, இதே அச்சில் வரும் பல வாக்கியங்களும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

ஆங்கில வாக்கியங்களை எல்லாம் இங்கே தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். முதலில் வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் வேண்டும்.

முதல் படி: வளர்ந்தேனா, வளர்த்தார்களா?

தமிழை முதலில் பாருங்கள். “பையன் வளர்ந்தான்” என்கிறோம். “ஆயா பையனை வளர்த்தார்” என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் அவன் தானாக வளர்ந்தான். ‘யாரை?’, ‘எதை?’ என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டாவதில் வளர்த்தவர் ஒருவர், வளர்க்கப்பட்டவர் ஒருவர். ‘யாரை?’ என்று கேட்டால் ‘பையனை’ என்று பதில் வருகிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான்.

தமிழில் ஒரே வேர் இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள். வளர்ந்தான் என்றால் ‘க்ரூ அப்’. வளர்த்தார் என்றால் ‘ப்ராட் அப்’. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பிழை போய்விடும்.

இப்போது செயப்பாட்டு வினைக்கு வருவோம். ‘வளர்த்தார்’ என்பதை ‘வளர்க்கப்பட்டான்’ என்று மாற்றலாம். ‘வளர்ந்தான்’ என்பதை அப்படி மாற்ற வழியே இல்லை. ‘வளரப்பட்டான்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் கணக்கு இதுதான். ‘ப்ராட் அப்’ செயப்பாட்டு வினையாகும்: “ஐ வாஸ் ப்ராட் அப்.” ‘க்ரூ அப்’ ஆகாது. அதனால்தான் “ஐ வாஸ் க்ரோன் அப் இன் தர்மபுரி” தவறு. அந்த வினையைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நேராக “ஐ க்ரூ அப் இன் தர்மபுரி” என்று சொல்லுங்கள். அது முழுக்க முழுக்கச் சரி, சொல்லவும் எளிது. ‘ஐ க்ரோ அப்’ என்று மட்டும் நிகழ்காலத்தில் சொல்லிவிடாதீர்கள். வளர்ந்து முடிந்தாயிற்று, எனவே ‘க்ரூ’.

‘க்ரோன் அப்’ என்பது ஆங்கிலத்தில் இல்லவே இல்லையா? இருக்கிறது. “ஹெர் சில்ரன் ஆர் க்ரோன் அப் நவ்” என்றால், அவருடைய பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள் என்று பொருள். அங்கே அது ஒருவருடைய நிலையைச் சொல்கிறது. எந்த ஊரில் வளர்ந்தார் என்பதைச் சொல்ல அது உதவாது.

‘அப்’ இல்லாத ‘க்ரோன்’ இன்னொரு விஷயம். நாம் பிள்ளையையும் வளர்க்கிறோம், செடியையும் வளர்க்கிறோம். ஆங்கிலத்தில் செடி, பயிருக்கு ‘க்ரோ’. “மேங்கோஸ் ஆர் க்ரோன் இன் கிருஷ்ணகிரி.” “டொமேட்டோஸ் ஆர் க்ரோன் இன் பாலக்கோடு.” இரண்டும் சரியான வாக்கியங்கள். ஆடு மாடு, கோழிக்கு ‘ரேர்’ அல்லது ‘ரெய்ஸ்’. பிள்ளைக்கு ‘ப்ரிங் அப்’. “ஐ வாஸ் க்ரோன் இன் கிருஷ்ணகிரி” என்று ஒருவர் சொன்னால் கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆனாலும் பயிருக்குரிய சொல்லை நமக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: வாக்கியத்தைத் திருப்புதல்

செய்வினையில் தொடங்குங்கள். “என் பாட்டி என்னை வளர்த்தார்.”

“மை கிராண்ட்மதர் ப்ராட் மீ அப்.”

‘மீ’ எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ‘ப்ராட்’டுக்கும் ‘அப்’புக்கும் நடுவில். “ப்ராட் அப் மீ” என்று சொல்லக் கூடாது. மீ, ஹிம், ஹெர், அஸ், தெம் போன்ற பிரதிப் பெயர்கள் வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும். முழுப் பெயர்ச்சொல் வந்தால் இரண்டு வகையிலும் சொல்லலாம்: “ஷீ ப்ராட் அப் த்ரீ சில்ரன்” என்றாலும் சரி, “ஷீ ப்ராட் த்ரீ சில்ரன் அப்” என்றாலும் சரி.

இதைத் திருப்பும்போது நடுவில் இருந்த ‘மீ’ எழுந்து வாக்கியத்தின் முன்னால் போய் ‘ஐ’ ஆகிறது. நடுவில் இடம் காலியானதால் ‘ப்ராட்’டும் ‘அப்’பும் ஒட்டிக்கொள்கின்றன. வளர்த்தவரைச் சொல்ல வேண்டுமானால் கடைசியில் ‘பை’ போட்டுச் சேர்க்க வேண்டும்.

“ஐ வாஸ் ப்ராட் அப் பை மை கிராண்ட்மதர்.”

இங்கேதான் பலருக்கு நாக்கு தயங்குகிறது. ‘அப் பை’ என்று இரண்டு சின்னச் சொற்கள் அடுத்தடுத்து வருவது தப்பு போலத் தோன்றுகிறது. அதனால் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். “ஐ வாஸ் ப்ராட் பை மை கிராண்ட்மதர்” என்றால், பாட்டி என்னை எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வந்தார் என்றாகிவிடும். ‘ப்ராட்’ தனியாக நின்றால் ‘கொண்டுவந்தார்’ என்றுதான் பொருள். ‘அப்’ சேர்ந்தால்தான் ‘வளர்த்தார்’. ‘பை’யை விழுங்கினால் யார் வளர்த்தார் என்பது அந்தரத்தில் நிற்கும். இரண்டும் வேண்டும். முதலாவது வினைக்குச் சொந்தம், இரண்டாவது பாட்டிக்குச் சொந்தம். சொல்லும்போது “ஐ வாஸ் ப்ராட் அப்” என்று ஒரு நொடி நிறுத்தி, பிறகு “பை மை கிராண்ட்மதர்” என்று தொடருங்கள். தயக்கம் தானாகப் போய்விடும்.

நம் பகுதிக்கு இந்த வாக்கியம் மிகவும் தேவை என்று நினைக்கிறேன். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கம் அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலைக்கோ, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கோ போய்விட, ஆயா வீட்டில் வளர்ந்து படித்து மேலே வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். வீட்டில் அவரை ஆயா என்று கூப்பிட்டிருப்பீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கமானால் அவ்வா என்றோ அஜ்ஜி என்றோ கூப்பிட்டிருப்பீர்கள். நேர்காணலில் அவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை. “மை பேரன்ட்ஸ் வொர்க்ட் இன் பெங்களூர், ஸோ ஐ வாஸ் ப்ராட் அப் பை மை கிராண்ட்மதர் இன் பென்னாகரம்” என்று நிமிர்ந்து சொல்லுங்கள். நல்ல ஆங்கிலம், நேர்மையான பதில்.

பல நேரம் ‘பை’ தேவையே இல்லை. அப்பா அம்மா வளர்த்தார்கள் என்றால் அதைச் சொல்லவே வேண்டாம், எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். சொல்லும்படியான விஷயம் இருந்தால் மட்டும் ‘பை’ போடுங்கள்.

மூன்றாம் படி: ‘வாஸ்’ எங்கே போனது?

“ஐ பார்ன்” என்று வருவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் ‘பிறந்தேன்’ என்பது ஒரே சொல், செய்வினை போலவே இருக்கிறது. ஆங்கிலத்தில் பிறப்பைச் செயப்பாட்டு வினையின் அச்சில்தான் சொல்கிறார்கள்: “ஐ வாஸ் பார்ன்.” ‘பார்ன்’ தனியாக நிற்க முடியாது, துணைக்கு ‘வாஸ்’ வேண்டும். ‘ப்ராட் அப்’புக்கும் அதே துணைதான். இரண்டையும் ‘அண்ட்’ போட்டுச் சேர்த்தால் ஒரு ‘வாஸ்’ இரண்டுக்கும் போதும்.

‘ஆம்’ ஏன் கூடாது? பிறந்ததும் வளர்ந்ததும் நடந்து முடிந்த காரியம். “ஐ ஆம் ஃப்ரம் தர்மபுரி” என்று சொல்லலாம், ஏனென்றால் நீங்கள் இன்றைக்கும் தர்மபுரிக்காரர். “ஐ ஆம் பார்ன் இன் தர்மபுரி” என்று சொல்லக் கூடாது. இந்த இரண்டும் மனதில் கலந்துபோவதால்தான் பிழை வருகிறது.

பிறந்த ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் வேறு என்றால் இப்படி: “ஐ வாஸ் பார்ன் இன் அரூர் பட் ப்ராட் அப் இன் ஓசூர்.” இங்கும் ‘வாஸ்’ ஒரு முறைதான்.

பன்மைக்கு ‘வேர்’: “மை சிஸ்டர் அண்ட் ஐ வேர் ப்ராட் அப் இன் காரிமங்கலம்.” இப்போது வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தையைப் பற்றிச் சொன்னால் ‘பீயிங்’ சேர வேண்டும்: “மை டாட்டர் இஸ் பீயிங் ப்ராட் அப் இன் ஓசூர்.” எதிர்காலம், கடமை, விருப்பம் என்று எது வந்தாலும் மாறுவது துணைவினை மட்டுமே. ‘ப்ராட் அப்’ மாறாது.

கேள்வியாகக் கேட்டால் ‘வேர்’ இரண்டு முறை காதில் விழும். “வேர் வேர் யூ ப்ராட் அப்?” முதலாவது ‘எங்கே’, இரண்டாவது துணைவினை. எழுத்து வேறு, ஒலியும் கொஞ்சம் வேறு. வேகமாகப் பேசுபவர் வாயிலிருந்து இது வந்தால் திகைக்க வேண்டாம். கேட்ட வினையையே பதிலில் திருப்பிக் கொடுங்கள். “வேர் வேர் யூ ப்ராட் அப்?” என்றால் “ஐ வாஸ் ப்ராட் அப் இன்...” “வேர் டிட் யூ க்ரோ அப்?” என்றால் “ஐ க்ரூ அப் இன்...” இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

நான்காம் படி: ஒரு ‘ஆர்’ செய்யும் வேலை

‘ப்ராட்’ வேறு, ‘பாட்’ வேறு. ‘ப்ரிங்’ என்பதன் இறந்தகாலம் ‘ப்ராட்’. ‘வாங்கு’ என்று பொருள் தரும் ‘பை’ என்பதன் இறந்தகாலம் ‘பாட்’. எழுதும்போது இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து, ‘ஆர்’. நினைவில் வைக்க எளிய வழி உண்டு. ‘ப்ரிங்’கில் ‘ஆர்’ இருக்கிறது, எனவே ‘ப்ராட்’டிலும் இருக்கும். ‘வாங்கு’ என்பதற்கான சொல்லில் ‘ஆர்’ இல்லை, எனவே ‘பாட்’டிலும் இல்லை.

‘பாட் அப்’ என்றும் ஒரு தொடர் ஆங்கிலத்தில் உண்டு. ஒன்று விடாமல் வளைத்து வாங்குவது என்று பொருள். “ஆல் தி லேண்ட் நியர் தி ஹைவே வாஸ் பாட் அப்” என்றால், நெடுஞ்சாலை ஓரத்து நிலத்தை எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். ஆக “ஐ வாஸ் பாட் அப் இன் ஓசூர்” என்று பயோடேட்டாவில் எழுதினால், என்னை ஓசூரில் யாரோ வாங்கிவிட்டார்கள் என்றாகிவிடும். கணினியில் எழுத்துப் பிழை பார்க்கும் வசதியை நம்பாதீர்கள். ‘பாட்’ என்பதும் சரியான ஆங்கிலச் சொல் என்பதால் அது கண்டுபிடிக்காமல் விட்டுவிடலாம். நீங்களே ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள்.

உச்சரிப்பில் இன்னொன்று. ‘ப்ராட்’டும் ‘அப்’பும் சேரும்போது மெய்யின் மேல் உயிர் ஏறி ‘ப்ராட்டப்’ என்று வரும். பால், ஆடை இரண்டும் சேர்ந்து பாலாடை ஆவது போலத்தான். அழுத்தம் ‘அப்’ மேல் விழ வேண்டும். ‘ப்ராட்’டை அழுத்தி ‘அப்’பை மெல்ல விட்டால் எதிரில் இருப்பவர் காதில் ‘அப்’ விழாமலே போகலாம். இந்தச் சின்னச் சொற்களை நாம் முக்கியமில்லாதவை என்று நினைத்து மெல்லச் சொல்லிவிடுகிறோம். பொருளை மாற்றுவதே அவைதான், அதனால் குரலும் அங்கேதான் ஏற வேண்டும்.

ஐந்தாம் படி: பின்னால் என்ன வரும்?

ஊருக்கு முன்னால் ‘இன்’. தர்மபுரி ஆனாலும் மாரண்டஅள்ளி ஆனாலும் ‘இன்’தான், ‘அட்’ வேண்டாம். கிராமம், கூட்டுக்குடும்பம் எல்லாவற்றுக்கும் ‘இன்’: “இன் எ வில்லேஜ்”, “இன் எ ஜாயின்ட் ஃபேமிலி”.

தோட்டம், காடு, தோப்பு எதுவானாலும் அதை ‘ஃபார்ம்’ என்று சொன்னால் ‘ஆன்’. “ஐ வாஸ் ப்ராட் அப் ஆன் எ ஃபார்ம் நியர் பாலக்கோடு. வீ க்ரோ டொமேட்டோஸ்.” எனக்கு மிகவும் பிடித்த வகை பதில் இது. “ஐ ஆம் ஃப்ரம் எ புவர் ஃபேமிலி” என்று தொடங்குபவர்கள் நிறைய. அதைக் கேட்டு எதிரில் இருப்பவர் அடுத்து என்ன கேட்க முடியும்? தக்காளித் தோட்டம் என்றால் விலை, தண்ணீர், ராயக்கோட்டை மண்டி என்று அவருக்குக் கேட்க ஆயிரம் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்த விஷயம், ஆங்கிலம் தடையில்லாமல் வரும். சந்தூர் பக்கம் மாந்தோப்பு இருந்தால் அதைச் சொல்லுங்கள். பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைக்குப் போகும் கதையைச் சொல்லுங்கள். அந்த மாங்காயை வெளியூர்க்காரர்களிடம் ‘தோத்தாபுரி’ என்றால் உடனே புரியும்.

‘ஆன்’ இன்னொரு பொருளிலும் வரும். எதைச் சாப்பிட்டு வளர்ந்தோம், எதைக் கேட்டு வளர்ந்தோம் என்பதற்கு. “ஐ வாஸ் ப்ராட் அப் ஆன் ராகி.” களியும் கீரையும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாக ஒரு வாக்கியம் கிடைக்காது. “வீ வேர் ப்ராட் அப் ஆன் மை கிராண்ட்மதர்ஸ் ஸ்டோரீஸ்” என்றால் பாட்டி சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தோம் என்று பொருள்.

எந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள் என்பதற்கு ‘டு’: “ஐ வாஸ் ப்ராட் அப் டு ரெஸ்பெக்ட் எல்டர்ஸ்.” எந்த மொழி பேசி வளர்ந்தோம் என்பதற்கு ‘ஸ்பீக்கிங்’. நம் எல்லைப் பகுதியில் இது கட்டாயம் தேவைப்படும். “ஐ வாஸ் ப்ராட் அப் ஸ்பீக்கிங் தெலுகு அட் ஹோம் அண்ட் தமிழ் அட் ஸ்கூல்.” ஓசூர் வேலைக்கு மூன்று மொழி தெரிவது பெரிய பலம். கன்னடமும் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், விடாதீர்கள்.

‘நல்லா’, ‘கண்டிப்பா’ போன்ற சொற்கள் ‘ப்ராட் அப்’புக்கு முன்னால் வரும்: “ஷீ வாஸ் ஸ்ட்ரிக்ட்லி ப்ராட் அப்.” ‘வெல் ப்ராட் அப்’ என்றால் நல்ல வளர்ப்பு. மற்றவரைப் பாராட்டச் சொல்லுங்கள், தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அழகில்லை.

வளர்ப்பு என்ற பெயர்ச்சொல் வேண்டும் என்றால் அதற்குத் தனிச் சொல் இருக்கிறது: ‘அப்ப்ரிங்கிங்’. ‘அப்’ முன்னால் வந்துவிடுகிறது. “மை ப்ராட் அப்” என்று சொல்ல நினைக்கும்போதெல்லாம் “மை அப்ப்ரிங்கிங்” என்று மாற்றுங்கள், அல்லது முழு வாக்கியமாக “ஐ வாஸ் ப்ராட் அப்” என்றே சொல்லிவிடுங்கள்.

“பார்ன் அண்ட் ப்ராட் அப்” என்பது இந்தியர்கள் மட்டும் பேசும் ஆங்கிலம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டாம். நாம் அதை அதிகமாகச் சொல்கிறோம், அவ்வளவுதான். இலக்கணத்தில் குறை இல்லை. இங்கிலாந்திலும் புரியும், சொல்வார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் “பார்ன் அண்ட் ரெய்ஸ்ட்” என்பார்கள். ‘ரெய்ஸ்ட்’ வந்தால் ‘அப்’ கிடையாது. “ரெய்ஸ்ட் அப்” என்று இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

மாவட்டம் மாறிய கதை

ஒரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் பர்கூரிலோ ஓசூரிலோ பிறந்தவர்கள் பிறந்தது தர்மபுரி மாவட்டத்தில். சான்றிதழில் ஒன்று, ஆதார் அட்டையில் ஒன்று என்று இருப்பதைப் பார்த்து நேர்காணலில் கேள்வி வரலாம். பதில் இப்படி:

“ஐ வாஸ் பார்ன் இன் பர்கூர், விச் வாஸ் தென் இன் தர்மபுரி டிஸ்ட்ரிக்ட். கிருஷ்ணகிரி டிஸ்ட்ரிக்ட் வாஸ் கார்வ்ட் அவுட் ஆஃப் தர்மபுரி இன் 2004.”

‘வாஸ் கார்வ்ட் அவுட் ஆஃப்’ என்பதும் நாம் பார்க்கும் அச்சில்தான் இருக்கிறது. ‘கார்வ் அவுட்’ என்பது ஒன்றிலிருந்து பிரித்து எடுப்பது. ‘அவுட்’ ஒட்டியே நிற்கிறது, எதிலிருந்து என்பதற்கு ‘ஆஃப்’ சேர்கிறது. தர்மபுரியும் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து அப்படிப் பிரிந்ததுதான்: “தர்மபுரி வாஸ் கார்வ்ட் அவுட் ஆஃப் சேலம் இன் 1965.” இந்த இரண்டு வாக்கியங்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள், பயிற்சியும் ஆகும்.

ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியைப் பற்றிப் பொது அறிவுக் கேள்வி வந்தால்: “ராஜாஜி வாஸ் பார்ன் இன் தொரப்பள்ளி இன் 1878. ஹீ வாஸ் ஸ்வார்ன் இன் அஸ் கவர்னர் ஜெனரல் இன் ஜூன் 1948.” ‘ஸ்வார்ன் இன்’ என்றால் பதவிப் பிரமாணம் செய்து வைக்கப்பட்டார் என்று பொருள். இதில் வரும் ‘இன்’ இடத்தையோ காலத்தையோ குறிப்பதில்லை, வினையோடு ஒட்டியது. அதனால்தான் ‘இன் ஜூன்’ என்று காலத்துக்கு இன்னொரு ‘இன்’ தனியாக வருகிறது.

‘ப்ராட் அப்’புக்கு இன்னொரு பொருள்

வேலையில் சேர்ந்த பிறகு இது அதிகம் காதில் விழும். கூட்டத்தில் ஒரு விஷயத்தைப் பேச்சுக்கு எடுப்பதற்கும் ‘ப்ரிங் அப்’ என்றுதான் சொல்வார்கள். “தி கேன்டீன் ப்ராப்ளம் வாஸ் ப்ராட் அப் இன் தி மீட்டிங்” என்றால் கேன்டீன் பிரச்சினை கூட்டத்தில் பேச்சுக்கு வந்தது. வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுவாய் ஆளாக இருந்தால் வளர்ப்பு, விஷயமாக இருந்தால் பேச்சு. இப்படிப் பார்த்தால் குழப்பம் வராது.

கிராம சபையில் எழுந்து தண்ணீர் பற்றிக் கேட்டவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும்: “தி ஃபுளோரைடு ப்ராப்ளம் வாஸ் ப்ராட் அப் அட் தி கிராம சபா.” நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு அதிகம், பல்லையும் எலும்பையும் அது கெடுக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தத் திட்டத்தைச் சொல்லவும் இதே அச்சு உதவும்: “தி ஒகேனக்கல் வாட்டர் ப்ராஜெக்ட் வாஸ் கேரீட் அவுட் வித் எ லோன் ஃப்ரம் ஜப்பான்.” ‘கேரீட் அவுட்’ என்றால் செய்து முடிக்கப்பட்டது. ‘அவுட்’டை விட்டுவிட்டால் தூக்கிச் செல்லப்பட்டது என்றாகிவிடும்.

இதே அச்சில் இன்னும் சில

‘ப்ராட் அப்’ கைவந்துவிட்டால் இவற்றைத் தனியாகப் படிக்கத் தேவையில்லை, பழகினால் போதும். நேர்காணல் தள்ளிவைக்கப்பட்டால் “தி இன்டர்வியூ வாஸ் புட் ஆஃப் டில் மண்டே.” ஒரேயடியாக ரத்து என்றால் “கால்ட் ஆஃப்”. காவிரியில் வெள்ளம் வந்து பரிசலை நிறுத்தினால் “கோரக்கிள் ரைட்ஸ் வேர் கால்ட் ஆஃப்.” விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் “மை அப்ளிகேஷன் வாஸ் டர்ன்ட் டவுன்.” ஆள் குறைப்பில் வேலை போனால் “ஐ வாஸ் லெய்ட் ஆஃப்.” அது உங்கள் தவறால் போன வேலை அல்ல என்பதை இந்தச் சொல்லே சொல்லிவிடும், எனவே முந்தைய வேலை பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்லலாம்.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றுவிட்டால் போனில் இப்படிச் சொல்லுங்கள்: “சாரி சார், ஐ ஆம் ஹெல்ட் அப் அட் தொப்பூர்.” இன்னும் அங்கேயே நிற்கிறீர்கள் என்பதால் இங்கே ‘ஆம்’ சரி. வந்து சேர்ந்த பிறகு சொன்னால் “ஐ வாஸ் ஹெல்ட் அப் அட் தொப்பூர் ஃபார் டூ அவர்ஸ்.”

ஆனால் பஸ் பழுதாகி நின்றால் “தி பஸ் ப்ரோக் டவுன்.” “வாஸ் ப்ரோக்கன் டவுன்” வேண்டாம். ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். பஸ் எதையும் செய்யவில்லை, தானாக நின்றது. ‘க்ரூ அப்’ இருக்கும் பக்கத்தில்தான் இதுவும் இருக்கிறது. விமானம் கிளம்புவது ‘டுக் ஆஃப்’, டீசல் தீர்ந்துபோவது ‘ரான் அவுட்’, இவையும் அதே பக்கம். புதிதாக எந்தத் தொடரைக் கேட்டாலும் முதலில் ‘எதை? யாரை?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் பெரும்பாலும் திருப்பலாம். பதில் வராவிட்டால் திருப்பவே முடியாது.

இனி நீங்கள் சொல்லுங்கள்

மாதிரிக்கு ஒரு முழு அறிமுகம்:

“குட் மார்னிங் சார். ஐ ஆம் ஃப்ரம் கிருஷ்ணகிரி டிஸ்ட்ரிக்ட். ஐ வாஸ் பார்ன் இன் ஊத்தங்கரை அண்ட் ப்ராட் அப் ஆன் எ ஃபார்ம் நியர் சந்தூர். மை பேரன்ட்ஸ் க்ரோ மேங்கோஸ். ஐ வாஸ் ப்ராட் அப் ஸ்பீக்கிங் தமிழ், பட் ஐ ஆல்ஸோ ஸ்பீக் தெலுகு. ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ இன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்.”

முதலில் இதை அப்படியே மூன்று நான்கு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஊர், தொழில், மொழி, படிப்பு ஆகிய நான்கையும் உங்களுடையதாக மாற்றுங்கள். மாற்றியதை ஆங்கிலத்தில் எழுதி, ‘வாஸ்’, ‘ப்ராட்’டில் உள்ள ‘ஆர்’, ‘அப்’ ஆகிய மூன்றையும் அடிக்கோடிடுங்கள். மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் உடனே கண்ணில் படும்.

போனில் பதிவு செய்து கேட்பது நல்லது. அதில் ‘அப்’ தெளிவாகக் காதில் விழுகிறதா என்று மட்டும் கேளுங்கள், மற்ற உச்சரிப்புக் கவலைகள் இப்போது வேண்டாம். அப்புறம் வீட்டில் யாரிடமாவது சொல்லி, “வேர் வேர் யூ ப்ராட் அப்?”, “வேர் டிட் யூ க்ரோ அப்?” என்ற இரண்டு கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். கேட்ட வினையிலேயே யோசிக்காமல் பதில் வரும்வரை இதைச் செய்யுங்கள். அது வந்த பிறகு, ‘புட் ஆஃப்’, ‘ஹெல்ட் அப்’, ‘டர்ன்ட் டவுன்’ மூன்றுக்கும் உங்கள் ஊரில் நடந்ததை வைத்துத் தலா ஒரு வாக்கியம் எழுதுங்கள்.